கதவுக்குப் பதினோரு அடி

சிஸ்டரை முதன்முதலில் பார்த்த அன்று எனக்கு அவர்மேல் வந்தது கோபம்தான். பெரியவர்களைப் பற்றி எழுதும்போது பார்த்தவுடனே கும்பிடத் தோன்றியது என்று எழுதுவார்கள். எனக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை.

எங்கள் அடுகோடி ஏரியா டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கக் காலை எட்டு மணிக்கே வரிசை கட்டி நிற்பார்கள். எனக்கு அன்று நெருப்பாய்க் காய்ச்சல். மருந்தை வாங்கிக்கொண்டு பத்து மணிக்குள் கார்மெண்ட்ஸுக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்கு முன்னால் சாம்பல் நிறப் புடவையில், கழுத்தில் மரச்சிலுவையோடு ஒரு கன்னியாஸ்திரி நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, குள்ளமான உருவம், கையில் ஒரு துணிப்பை. வாசலில் இருந்த செக்யூரிட்டி அவரைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"சிஸ்டர், நீவு முந்தே பன்னி. முன்னாடி வாங்க. நீங்க எதுக்கு லைன்ல நிக்கறீங்க?"

"பரவாயில்லப்பா. இந்தப் பெரியவருக்கு அப்புறம்தான் நான் வந்தேன்."

எனக்குக் காய்ச்சலிலும் மூளை வேலை செய்தது. அடுகோடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் யாராவது சொல்லித் தர வேண்டுமா? மெல்ல அவர் காதருகே போனேன். "சிஸ்டர், உங்க டிரஸ்ஸைப் பார்த்தா முன்னாடி விட்டுடுவாங்க. அப்டியே என் சீட்டையும் சேர்த்து வாங்கிக் குடுத்துடுங்களேன். நிக்க முடியல."

அவர் திரும்பி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் உங்களுக்கா, என் டிரஸ்ஸுக்கா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ நிதானமாகச் சொன்னார். "உடம்பு கொதிக்குதும்மா. நீங்களே எல்லார்கிட்டயும் கேளுங்க. இங்க நிக்கிறவங்க எல்லாரும் மனுஷங்கதானே. நான் உங்க பின்னாடி நிக்கிறேன்."

வேறு வழியில்லாமல் கேட்டேன். தமிழில் பாதி, கன்னடத்தில் பாதி. ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் விலகி வழி விட்டார்கள். நான் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது சிஸ்டர் அதே பெரியவருக்குப் பின்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தார். என்ன பிறவியோ என்று தலையில் அடித்துக்கொண்டு பஸ் பிடித்தேன்.

அந்தப் பிறவி இன்னதென்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

நான் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். கோயிலுக்கும் சர்ச்சுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு என்றாலும் அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் சர்ச்சுக்குப் பின்னால் சிஸ்டருக்கு ஓர் அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் கார்மெண்ட்ஸ் பெண்கள் அங்கே கூடுவார்கள். பி.எஃப். பாரம் நிரப்ப, சட்டம் தெரிந்துகொள்ள, சும்மா காலை நீட்டி உட்கார. முதலில் என் மகள் ரேவதி போனாள். அவளும் என் கம்பெனியில்தான், அதே மாடியில் பட்டன் ஓட்டை போடுகிற காஜா மெஷினில் இருந்தாள். பொண்ணை வேதத்தில் சேர்த்துவிடப் போகிறார்கள் என்று பயந்து, கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று பின்னாலேயே போனேன். அங்கே ஒருத்தரும் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ரேவதி வந்திருந்த எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றார். டிஸ்பென்சரியில் பார்த்த அதே ஆள்!

"காய்ச்சல் போச்சாம்மா?" என்றார்.

"போச்சு சிஸ்டர். உங்க டிரஸ் எப்படி இருக்கு?" என்றேன். அறையே சிரித்தது. அன்று முதல் நானும் அங்கே ஓர் ஆள்.

வரிசை என்று ஒன்று இருந்தால் சிஸ்டர் அதில் நிற்பார், அதுவும் தன் இடத்தில். செப்டம்பரில் மாதா திருவிழா முடிந்து சர்ச் மைதானத்தில் எல்லோருக்கும் சாப்பாடு போடுவார்கள். பங்குச் சாமியார், விருந்தாளிகள், கார்ப்பரேட்டர் எல்லோருக்கும் மேடைக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை. சாமியார் மைக்கிலேயே கூப்பிடுவார்: "சிஸ்டர், இங்க வாங்க, இலை போட்டாச்சு!" சிஸ்டர் தட்டைத் தூக்கிக் காட்டிக் கத்துவார்: "வர்றேன் ஃபாதர்! எனக்கு முன்னாடி இன்னும் நாப்பது பேருதான்!" அவர் முறை வரும்போது கறி தீர்ந்திருக்கும். ஒரு வருஷம் சாம்பாரும் தீர்ந்து, வெறும் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார். "இவங்களுக்கு மோர்தான் பிரியாணி," என்று ரேவதி கிண்டலடித்தாள். பந்தியில் கடைசியில் நின்றால்தான் கடைசி ஆளுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரியும் என்றார் சிஸ்டர், மோர்ச்சோற்றைப் பிசைந்தபடியே. அடுத்த வருஷம் சமையல் கமிட்டிக்காரர்கள் இரண்டு அண்டா சேர்த்து வைத்தார்கள். அவர் ஒரு புகாரும் சொல்லவில்லை, யாரையும் திட்டவுமில்லை.

அதற்கடுத்து வந்த தவக்காலத்தில்தான், ஈஸ்டருக்கு முன்னால், அந்தச் செய்தி வந்தது. வேறொரு நாட்டில், எங்களைப் போலவே சட்டை தைக்கிற பெண்கள் நிறைந்த ஒரு கம்பெனி தீப்பிடித்து எரிந்துவிட்டது. பின்கதவு பூட்டிக் கிடந்திருக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கிடந்தார்களாம். பூசையில் சாமியார் செத்தவர்களுக்காக ஜெபித்தார். ஞாயிறு மதியம் அறைக்குள் நுழைந்தால் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி உண்டியல் வைக்கலாம் என்றாள். இன்னொருத்தி மெழுகுவர்த்தி ஊர்வலம் போகலாம் என்றாள்.

சிஸ்டர் எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "உங்க மாடியில பின்கதவு இருக்கா?"

இருக்கிறது என்றோம். இரண்டாவது மாடியிலிருந்து பின்பக்கச் சந்துக்கு இறங்கும் இரும்புப் படிக்கட்டு ஒன்று உண்டு.

"அது திறந்திருக்கா?"

தைத்த பீஸ் திருட்டுப் போகிறது என்று அதற்குப் பூட்டுப் போட்டு வருஷக்கணக்காகிறது. கதவை ஒட்டி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். வெளிநாட்டிலிருந்து பார்வையிட ஆள் வரும் நாளில் மட்டும் பெட்டிகள் மாயமாகும், பூட்டும் மாயமாகும், ஒரு பூந்தொட்டிகூட வந்து உட்காரும். மறுநாள் எல்லாம் பழையபடி. இது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். நான் அந்தக் கதவில் சாய்ந்து எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

"வர்ற வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு வரும்போது ஒரே ஒரு வேலை செஞ்சுட்டு வாங்க," என்றார் சிஸ்டர். "உங்க மெஷின்லேர்ந்து வாசலுக்கு எத்தனை அடின்னு நடந்து எண்ணிட்டு வாங்க. முன்வாசலுக்கு ஒண்ணு, பின்கதவுக்கு ஒண்ணு."

சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைகள் இருக்கும். ஒவ்வொரு நிலையிலும் நின்று, மண்டியிட்டு, இயேசு பட்ட பாட்டை நினைத்து ஜெபித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஒவ்வொரு நிலையிலும் ஜெபம் முடிந்ததும் இரண்டு மூன்று பெண்கள் முன்னால் வந்து தங்கள் எண்ணைச் சொன்னார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. "முன்வாசலுக்கு அறுபத்தி நாலு. பின்கதவுக்கு இருபது, பூட்டியிருக்கு." "முன்வாசலுக்கு எழுபது. பின்கதவுக்கு பதினஞ்சு, பூட்டியிருக்கு." ஐந்தாம் நிலையில் நான் போனேன். எனக்குச் சிலுவை போட்டுக்கொள்ளத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: "முன்வாசலுக்கு எழுபத்தி ரெண்டு. பின்கதவுக்கு பதினொண்ணு, பூட்டியிருக்கு." எனக்குப் பின்னால் ரேவதி. அவளுக்கு முன்வாசல் தொண்ணூற்று மூன்று. தீ வந்தால் என் பிள்ளை தொண்ணூற்று மூன்று அடி ஓட வேண்டும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. பெற்றவளுக்குத் தெரியாது! அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த எண்களை நாங்கள் ஒரு வெள்ளைத் துணியில் தைத்தோம். கட்டிங்கில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு, ஆளுக்கொரு நிற நூலில் ஒவ்வொருத்தியும் தன் எண்ணைத் தானே தைத்தாள். சிஸ்டரின் சபைக்கு அந்த நாட்டிலும் ஒரு மடம் இருந்தது. அதன் வழியாக எரிந்துபோன கம்பெனியில் உயிர் பிழைத்த பெண்களுக்குத் துணியை அனுப்பினார்.

"இதைப் பார்த்து அவங்களுக்கு இன்னா புரியும் சிஸ்டர்?" என்றேன்.

"நீங்க அழுததோட நிறுத்திக்கல, எண்ணியிருக்கீங்கன்னு புரியும்."

எண்ணியாயிற்று. அடுத்து? பூட்டைத் திறக்கச் சொல்லி மேனேஜரிடம் யார் போவது? அறையில் எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. சிஸ்டர் போனால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். காபி கொடுப்பார்கள். கன்னியாஸ்திரியிடம் யார் குரலை உயர்த்துவார்கள்?

"நான் போக மாட்டேன்," என்றார். "நீங்க போங்க. நான் உங்க பின்னாடி நிக்கிறேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "இன்னா சிஸ்டர் பேசறீங்க? வேலை போனா எங்களுக்கு உங்க மடத்துல சோறு போடுவீங்களா? என் வீட்ல ரெண்டு பேரு சம்பாத்தியமும் அந்த ஒரே கம்பெனிலதான். உங்களுக்கு இன்னா, புள்ளையா குட்டியா?"

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"முன்ன ஒரு ஊர்ல இருந்தேம்மா. தெருவுக்குத் தண்ணிக் குழாய் கிடையாது. நான்தான் ஆபீஸ் ஆபீஸா போனேன். சிஸ்டர் வந்திருக்காங்கன்னு உடனே போட்டுக் குடுத்தாங்க. எனக்கு மாலை எல்லாம் போட்டாங்க. அப்புறம் என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. அடுத்த மாசமே குழாயைப் பிடுங்கிட்டாங்க. ஒருத்தர்கூட போய்க் கேக்கல. கேக்கறது சிஸ்டர் வேலைன்னு அவங்களைப் பழக்கி வெச்சது நான்தான்." தரையில் இருந்த டம்ளரை ஒரு பக்கமாக நகர்த்தினார். "நான் போய்க் கேட்டா எனக்காகத் திறப்பாங்க. நான் போன மறுநாள் பூட்டுவாங்க."

தோற்றுப்போன எரிச்சலில், "உங்களுக்கு வரிசையில நிக்கிறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது!" என்று கத்தினேன்.

ரேவதி பக்கென்று சிரித்துவிட்டாள். "அம்மா, அதையே நாமளும் பண்ணலாமே."

சாப்பாட்டு நேரம் அரை மணி. அந்த அரை மணி எங்களுடையது. எங்கே நின்று சாப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. திங்கட்கிழமை மணி அடித்ததும் ஏழு பேர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு பின்கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றோம். கிட்டத்தில் இருந்ததால் முதல் ஆள் நான்.

ஃப்ளோர் இன்சார்ஜ் வந்தார். "ஏனம்மா இது? ஊட்டா, சாப்பாடெல்லாம் அந்தப் பக்கம்."

"வெளிய போறதுக்கு நிக்கிறோம் சார்."

"இது பூட்டியிருக்கே?"

"தெரியும் சார். திறக்கிற வரைக்கும் நிக்கிறோம்."

அவர் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மணி அடித்ததும் மெஷினுக்குத் திரும்பிவிட்டோம். ஒரு பீஸ்கூடக் குறையவில்லை. செவ்வாய்க்கிழமை இருபது பேர் நின்றோம். அன்று சாயங்காலம் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "உன் பொண்ணும் இங்கதானே வேலை செய்றா?"

அவ்வளவுதான் கேட்டார். நேரே சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இப்போதாவது வருவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு நீங்க நிக்கலன்னா நான் உங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்மா. பயம் நியாயமான பயம்." வரேன் என்று மட்டும் சொல்லவில்லை.

புதன்கிழமை மணி அடித்தது. எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. டிபனை மடியில் வைத்துக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் நின்ற மற்றவர்களும் என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தபடியே இருந்தார்கள். அப்போது கடைசி மூலையிலிருந்து ரேவதி எழுந்து வந்தாள். அவள் இடத்திலிருந்து பின்கதவுக்கு முப்பத்தி இரண்டு அடி. ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்டது. என்னைத் தாண்டிப் போகும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கதவுக்கு முன்னால் போய்த் தனியாக நின்றாள். என் வயிற்றில் பிறந்த பிள்ளை! நான் எழுந்து போய் அவளுக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை மாடி மொத்தமும் நின்றது. ஹிந்திக்காரப் பெண்கள், கன்னடத்துப் பெண்கள், கட்டிங் மாஸ்டர் உட்பட நூற்றிருபது பேர். அட்டைப்பெட்டிகளை நாங்களே நகர்த்தி ஓரமாக அடுக்கினோம். மேனேஜர் வந்து வரிசையின் நீளத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டு, "சரி, திறந்து விடுப்பா. பார்த்துட்டுப் போகட்டும்," என்று செக்யூரிட்டியிடம் சொன்னார்.

செக்யூரிட்டி சாவிக்கொத்தோடு வந்தார். முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்தது, திரும்பவில்லை. கொத்து முழுவதும் போட்டுப் பார்த்தார். கீழே ஆபீஸுக்கு ஆள் ஓடியது. அங்கேயும் இல்லை. பழைய செக்யூரிட்டிக்குப் போன் போட்டார்கள், அவர் வேலையை விட்டுப் போய் ஒன்றரை வருஷமாகிறதாம், சாவியைப் பற்றி அவருக்கு ஞாபகமே இல்லை. நாங்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஐந்து நிமிஷம், பத்து, பதினைந்து. அந்தப் பூட்டுக்குச் சாவியே இல்லை என்பது மெல்ல மெல்ல எல்லோருக்கும் உறைத்தது. மேனேஜரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. அவர் அறையும் அதே மாடியில்தான்.

"ஒடைங்க," என்றார். "சுத்தியல் கொண்டாங்க. ஒடைங்க."

பூட்டு உடைந்து கதவு திறந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. ரேவதி முதலில் இறங்கினாள், பின்னால் நான். இரும்புப் படிக்கட்டு துருப்பிடித்துக் கிறீச்சிட்டது. கீழே சந்தில், படிக்கட்டின் அடியில், தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு, கையில் துணிப்பையோடு சிஸ்டர் நின்றிருந்தார். வேர்வையில் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. அந்தச் சந்தில் டீக்கடை வைத்திருப்பவர் பிறகு சொன்னார்: "நாலு நாளா சரியா மணி அடிக்கிற நேரத்துக்கு வந்து நிக்கிறாங்கம்மா. டீ வேணுமான்னு கேட்டேன், அவங்க வந்ததும் சேர்ந்து குடிக்கிறோம்னாங்க."

"இன்னா சிஸ்டர், இன்னைக்கு நீங்க முதல் ஆளா நிக்கறீங்க?" என்றேன். சிரிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அய்யய்யோ," என்று பதறி ஒதுங்கிச் சுவரோடு ஒட்டி நின்றார். நூற்றிருபது பேரும் இறங்கி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கட்டிங் மாஸ்டருக்குப் பின்னால் போய் வரிசையில் கடைசியாகச் சேர்ந்துகொண்டார். மேனேஜரிடம் அன்றும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரமே கதவுக்கு, தள்ளினால் திறக்கிற கம்பி போட்டார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த நாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு துணி. ஓரத்தில் அவர்கள் எழுத்தில் ஏதோ தைத்திருந்தார்கள், எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. எண்களைப் படிக்கத் தெரிந்தது. சட்டைக் காலர் சைஸுக்கு நாங்கள் தைக்கிற அதே எண்கள். இப்போது தைக்கிற இடத்தில் அவர்களும் எண்ணியிருந்தார்கள். பதினெட்டு, முப்பது, ஒன்பது, நாற்பத்தொன்று. நான் விரலை வைத்துத் தேடினேன். மூன்றாவது வரியில், பச்சை நூலில், யாரோ ஒருத்தியின் பதினொன்று இருந்தது. அவள் முகத்தை நான் பார்த்ததில்லை, பேர் தெரியாது. அவள் எனக்குச் சொந்தம்.

அதன் பிறகு சிஸ்டரை மாற்றிவிட்டார்கள். ஒடிசாவில் ஒரு சுரங்க ஊருக்கு. அவர்கள் சபையில் அப்படித்தான், ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரயிலேற்றிவிடப் போயிருந்தோம். அன்ரிசர்வ்டு பெட்டிக்கு நீள வரிசை. ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், முன்னாடி வாங்க," என்று கையசைத்தார். நாங்கள் நாற்பது பேர் ஒரே குரலில், "வேணாம் சார்!" என்று கத்தினோம். பாவம், அந்த மனுஷர் பயந்தே போய்விட்டார். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவர் சொன்னதே காதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் போன மறுநாள் பூட்டுவாங்க. திங்கட்கிழமை காலை கார்டைத் தேய்த்துவிட்டு மாடியேறினேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என் மெஷினிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்றாவது அடியில் கம்பியைப் பிடித்துத் தள்ளினேன். திறந்தது. திரும்பிப் பார்த்தால் ரேவதி நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் அதைப் பார்க்கத்தான் சீக்கிரமாக வந்திருந்தார்கள். இப்போதும் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், பேர் கேட்பதற்கு முன்னால் கையைப் பிடித்து அந்தக் கதவுவரை நடத்திக்கொண்டு போகிறோம். அசாமிலிருந்து வந்த பெண்ணானாலும் சரி, பக்கத்தில் இருக்கிற ஆனேக்கல்லிலிருந்து வந்தவளானாலும் சரி, தன் எண் தெரியாமல் எங்கள் மாடியில் ஒருத்தி மெஷினில் உட்கார முடியாது. எனக்கு அதில் பெருமைதான், சொல்லிக்கொள்ள வெட்கமே இல்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் பொறுத்து, அவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று தெரிந்ததும் போன் போட்டேன்.

"சிஸ்டர், கதவு திறந்திருக்கு."

மறுமுனையில் ஒரே இரைச்சல். குடங்கள் மோதுகிற சத்தம், புரியாத பாஷையில் பெண்கள் போடும் கூச்சல்.

"யாரும் பூட்ட வரலையா?"

"வரட்டும், பார்க்கிறோம்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்புறம் கூப்பிடறேம்மா," என்றார். "தண்ணி லாரி வந்துடுச்சு. எனக்கு முன்னாடி இன்னும் பதினேழு பேரு இருக்காங்க."